ஸ்டீயரிங் பாக்ஸ்: ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

ஏற்காடு எஸ்டேட்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளின் ஸ்டீயரிங் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் இந்தப் பகுதியை முழுக்க ஸ்டீயரிங்குக்கே ஒதுக்கிவிட்டோம். கடைசியில் அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு.

என் அப்பா காலத்து வில்லிஸ் மாடல் மஹிந்திரா ஜீப்பில் ஸ்டீயரிங் வீல் நான்கு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. பட்டறையில் பாக்ஸின் பக்கவாட்டு ஸ்க்ரூவை நன்றாக இறுக்கித் தந்தார்கள். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் வீல் தானாகத் திரும்பி வருவதில்லை, கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. பாக்ஸை மாற்றிவிடலாமா?
— வாசகர், நாகலூர்

மாற்றுவது பிறகு. இன்றே அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துங்கள். வளைவில் திருப்பிய வீல் திரும்பி வராத வண்டியை மலைப்பாதையில் ஓட்டக்கூடாது. ஆட்டம் இருக்கும் ஸ்டீயரிங்கை விடப் பிடித்துக்கொள்ளும் ஸ்டீயரிங் ஆபத்தானது.

ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பாக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது 'கேம் அண்ட் லீவர்' வகை. அமெரிக்காவில் லஃபயெட் நகரில் 1906ல் தொடங்கிய ரோஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு; வில்லிஸ் ஜீப்போடு நம் ஊருக்கு வந்தது. ஸ்டீயரிங் டியூபின் அடிப்பகுதியில் திருகாணி போல வெட்டிய கேம் இருக்கும். அதன் காடியில் லீவர் ஷாஃப்ட்டின் இரண்டு கூம்புப் பின்கள் உட்கார்ந்திருக்கும். வீலைத் திருப்பினால் காடி பின்களைத் தள்ளும், லீவர் ஷாஃப்ட் சுழலும், அதன் வெளி முனையில் உள்ள டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். பக்கவாட்டு மூடியில் உள்ள ஸ்க்ரூ லீவர் ஷாஃப்ட்டை உள்ளே தள்ளுகிறது. அதாவது பின்களைக் காடிக்குள் ஆழமாக இறக்குகிறது.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். அந்தக் காடி ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டதல்ல. வண்டி நேராகப் போகும் நடு நிலையில் மட்டும் வேண்டுமென்றே ஆழம் குறைவாக வைத்திருக்கிறார்கள். நேர் ஓட்டத்தில் பின்கள் நெருக்கமாக உட்கார வேண்டும், ஓரங்களில் கொஞ்சம் தளர்வு இருந்தால் குற்றமில்லை என்பது கணக்கு. வருடக்கணக்கில் ஓடும்போது தேய்வதும் அந்த நடு இடம்தான். அது தேய்ந்து ஓரங்களின் ஆழத்துக்கே வந்துவிட்டால், நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை இறுக்கும்போது தேயாத ஓரங்களில் பின்கள் இறுகிப் பிடிக்கும். உங்களுக்கு வளைவில் வீல் திரும்பாததற்குக் காரணம் இதுதான். இன்னும் இறுக்கினால் பின்னின் கடினமான மேல்தோல் உரியும். பிறகு அந்த லீவர் ஷாஃப்ட் எதற்கும் உதவாது.

ஆனால் நான்கு விரல் ஆட்டமும் பாக்ஸிலிருந்தே வருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு. இந்தப் பாக்ஸின் விகிதம் நடுவில் 12க்கு 1, ஓரங்களில் 14க்கு 1. டிராப் ஆர்ம் 150 மில்லிமீட்டர் நீளம், வீலின் விட்டம் 17 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், டிராப் ஆர்முக்கு அப்பால் எந்த இணைப்பில் 1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் வீல் விளிம்பில் அது ஏறக்குறைய 17 மில்லிமீட்டராகத் தெரியும். மூன்று இணைப்புகளில் ஆளுக்கு 1 மில்லி தேய்ந்திருந்தாலே மூன்று விரல் கணக்கு முடிந்தது.

எனவே முதலில் தேடுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் வீலை இரண்டு அங்குலம் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வையுங்கள், இரண்டு பாகத்தையும் ஒரே விரல் தொடுகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். டிராப் ஆர்ம், அதைப் பெல் கிராங்க்கோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் இரண்டு முனைகள், முன் குறுக்குச் சட்டத்தில் உள்ள பெல் கிராங்க் (அசைவைத் திசை மாற்றித் தரும் கை), அங்கிருந்து சக்கரங்களுக்குப் போகும் டை ராடுகளின் எண்டுகள் என்ற வரிசையில் போங்கள். ஜீப்பில் அநேகமாக முதலில் தேய்வது பெல் கிராங்க்தான். சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடம் அது. கிரீஸ் நிப்பிளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

பாக்ஸ் சேசிஸோடு சேரும் இடத்தையும் பாருங்கள். வீல் ஆடும்போது பாக்ஸே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது சேசிஸில் வெடிப்பு விட்டிருக்கும். வெடிப்பு மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் தெரியும். கடைசியாக முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதில் தெரியும் ஆட்டம் வீல் பேரிங் அல்லது கிங்பின்னுடையது (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு).

இவையெல்லாம் சரியாக இருந்தும் வீல் ஆடுகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் பாக்ஸைக் கழற்றலாம்.

பாக்ஸை வீட்டிலேயே கழற்ற முடியுமா? என்னென்ன கருவி வேண்டும்?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

முடியும். ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், ஸ்டீயரிங் வீல் புல்லர், டிராப் ஆர்ம் புல்லர், வைஸ், பித்தளைத் தடி, மைக்ரோமீட்டர் இருந்தால் போதும். புல்லர்கள் இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வேலை செய்யும் பட்டறை தெரிந்திருந்தால் டிராப் ஆர்ம் புல்லரை ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கிவிடலாம்.

பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு, முன் சக்கரங்களை நேராக வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஹாரன் பட்டனைக் கழற்றியதும் ஹாரன் வயரின் நுனியில் மெல்லிய கட்டுக்கம்பி ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள். வயரை இழுத்து எடுக்கும்போது கம்பி டியூபுக்குள் தங்கும், திரும்ப மாட்டும்போது அதுவே வழிகாட்டும். வீலுக்கும் டியூபுக்கும், டிராப் ஆர்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் சென்டர் பஞ்ச்சால் ஒரு குறி அடித்து வையுங்கள். சாக்பீஸ் குறி மண்ணெண்ணெயில் போய்விடும்.

டிராப் ஆர்ம்தான் வம்பு பண்ணும். நட்டை முழுதாகக் கழற்றாமல் நுனி வரை தளர்த்தி வைத்து, புல்லரை நன்றாக முறுக்கி, ஆர்மின் கண் பகுதியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்டுங்கள். 'டக்' என்று விடும். ஷாஃப்ட்டின் முனையில் மட்டும் அடிக்கக்கூடாது. அந்த அடி நேராகப் பின்களுக்கும் கேமுக்கும் போகும். காடியில் பள்ளம் விழும்.

டிராக் லிங்க்கைப் பிரிக்கும்போது ஸ்பிரிங், பந்து இருக்கை, இடைத்துண்டு எந்த வரிசையில் வருகிறதோ அப்படியே ஒரு அட்டையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளிலும் வரிசை ஒன்றல்ல.

இந்தப் பாக்ஸும் நீண்ட டியூபும் ஒரே துண்டு. வீலையும் தரைத்தகட்டின் மூடியையும் எடுத்துவிட்டு, வண்டியின் முன்பக்கத்தை உயரத் தூக்கி, டியூபைக் கீழ்வழியாக இறக்க வேண்டும். மட்கார்டைக் கழற்றினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். அரை மணி நேரம் கூடுதல் வேலைதான், டியூபை வளைக்காமல் எடுக்கலாம் என்பதால் அதைச் செய்வதே மேல்.

பிரித்துவிட்டேன். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?
— அதே வாசகர்

கழுவுவதற்கு முன் உள்ளே இருந்த எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மலையில் திறந்தவெளியில் நிற்கும் ஜீப்புகளில் மழைநீர் ஹாரன் பட்டன் வழியாக டியூபுக்குள் இறங்கி நேராகப் பாக்ஸுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட பாக்ஸில் தேய்மானத்தை விடத் துருக்குழிதான் பெரிய தொல்லை.

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்ததும் மெல்லிய எண்ணெய் தடவிவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் கழுவிய இரும்பு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும்.

பின்கள்: வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கூம்பின் இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்ந்து சின்ன முகம் போட்டிருந்தால் லீவர் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறோம் என்று சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு அது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினமும் போகும், பக்கத்தில் நொறுங்கும் தன்மையும் வரும். ஓடும்போது பின் ஒடிந்தால் வீல் சும்மா சுற்றும்.

கேம்: காடியின் நடுப்பகுதியில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது படி ஏறி இறங்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. வெறும் பளபளப்பு என்றால் கவலை இல்லை. கேமின் இரண்டு முனைகளிலும் பேரிங் குண்டுகள் ஓடும் தடம் இருக்கும். அதில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள் இருந்தால் எவ்வளவு சரி செய்தாலும் வீல் கரகரவென்றுதான் சுற்றும். கேம் தனியாக வராது, டியூபோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புதிது வாங்கும் முன் டியூபின் நீளத்தையும், லீவர் ஷாஃப்ட்டின் விட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இந்த வகைப் பாக்ஸில் பரவலாக இருப்பது முக்கால் அங்குலமும் ஒரு நூலும், அதாவது 7/8 அங்குல ஷாஃப்ட் (22.2 மில்லிமீட்டர்). ஆனால் வேறு விட்டத்திலும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

குண்டுகள்: எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். கழற்றும்போதே மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். பழையதில் தேயாத ஒன்றை மைக்ரோமீட்டரில் அளந்து பேரிங் கடையில் அதே அளவு கேளுங்கள். நாலைந்து மட்டும் புதிது போட்டால், அந்த நாலைந்தே பெரிதாக இருக்கும், முழுச் சுமையும் அவற்றின் மேல் விழுந்து, குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் குழி பறிக்கும். கிண்ணங்களும் புதிதாகவே இருக்கட்டும்.

டியூபைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வளைந்திருக்கிறது. பாக்ஸின் வார்ப்பிரும்பு உடலில், போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த உடலே வேண்டாம். ஸ்டீயரிங் பாக்ஸின் வார்ப்பிரும்பில் வெல்டிங் ஒட்டு என்பது பிரியும் நாளைக் காத்திருப்பது.

லீவர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது. ரெடிமேட் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து போடலாமா?
— வாசகர், கொண்டலாம்பட்டி

தாராளமாகப் போடலாம். புஷ் என்பது ஷாஃப்ட் சுற்றும் உலோக உறைதானே. சேலத்தில் லேத் பட்டறைக்கு என்ன பஞ்சம்? கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸில் கடையச் சொல்லுங்கள். மஞ்சள் பித்தளையில் வேண்டாம், சீக்கிரம் தேயும்.

அளவுதான் உயிர். புஷ்ஷின் வெளிவிட்டம் பாக்ஸின் துளையை விட ஒன்று முதல் இரண்டு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தி ஏற்றினால் நிற்கும். ஏற்றியதும் உள்விட்டம் சுருங்கும் என்பதைக் கடைபவரிடம் முன்கூட்டியே சொல்லி, உள்ளே ஐந்தாறு தௌ மிச்சம் விடச் சொல்லுங்கள். இரண்டு புஷ்களையும் ஏற்றிய பிறகு ஒரே நீள ரீமரை இரண்டிலும் சேர்த்து ஓட்டித்தான் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தனித்தனியாக ரீமர் போட்டால் துளைகள் ஒரே கோட்டில் இருக்காது. ஒவ்வொன்றிலும் ஷாஃப்ட் தனியாகச் சுகமாகச் சுற்றும், இரண்டிலும் நுழைத்தால் பிடிக்கும். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி ஒன்று முதல் இரண்டு தௌ. எண்ணெய் தடவி நுழைத்தால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும், நுழைத்தபின் பக்கவாட்டில் ஆட்டினால் கைக்கு எதுவும் தெரியக்கூடாது.

அளப்பது எந்த ஷாஃப்ட்டை வைத்து என்பதும் முக்கியம். பழைய ஷாஃப்ட் புஷ் இருந்த இடத்தில் தேய்ந்திருக்கும். புது ஷாஃப்ட் போடுவதாக இருந்தால் அதைக் கையில் வாங்கிய பிறகே லேத்துக்குப் போங்கள். புஷ்ஷுக்குள் ஒரு எண்ணெய்க் காடி வெட்டச் சொல்லவும் மறக்காதீர்கள்.

திரும்பக் கோர்க்கும்போது எதை முதலில் சரி செய்வது? ஷிம்மா, ஸ்க்ரூவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— வாசகர், ஏற்காடு

எப்போதும் ஷிம்தான், அதாவது இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுதான், முதலில். ஸ்க்ரூ கடைசியில். இந்த வரிசை மாறினால் இரண்டுமே தப்பாகப் போகும்.

குண்டுகளைக் கிண்ணத்தில் கிரீஸ் வைத்து ஒட்டி நிறுத்துங்கள். மேலே வைத்தது எத்தனை, கீழே வைத்தது எத்தனை, மேஜையில் மிச்சம் எத்தனை என்று மூன்று முறை எண்ணுங்கள். ஒரு குண்டு நழுவிப் பாக்ஸுக்குள் விழுந்துவிட்டால் என்றைக்காவது பின்னுக்கும் காடிக்கும் நடுவில் போய் உட்காரும், அன்றைக்கு வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும். கணக்கு இடித்தால் கூச்சப்படாமல் மறுபடி பிரித்துப் பாருங்கள்.

இப்போது லீவர் ஷாஃப்ட்டை நுழைக்காமல், டியூபையும் மேல் மூடியையும் மட்டும் மாட்டுங்கள். மூடிக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான் ஷிம்கள். 2, 3, 10 தௌ கனங்களில் வரும். முதலில் தாராளமாக ஷிம் வைத்து மூடியை இறுக்கி, டியூபை மேலும் கீழும் இழுத்துத் தள்ளுங்கள். 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரியும். ஒவ்வொரு மெல்லிய ஷிம்மாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிப் பாருங்கள். மேல்-கீழ் ஆட்டம் போன இடத்தில், வீலைத் தற்காலிகமாக மாட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பை லேசாகப் பிடித்துச் சுற்றுங்கள். மிக மெல்லிய இழுவை தெரிய வேண்டும். அதற்கு மேல் இறுகினால் ஒரு 2 தௌ ஷிம்மைத் திரும்பப் போடுங்கள்.

ஷிம்முக்குப் பதிலாகக் கேஸ்கெட் பேப்பர் வெட்டிப் போடும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. பேப்பர் நாளடைவில் நசுங்கும், நீங்கள் வைத்த அளவு ஒரு மாதம் கூட நிற்காது. எண்ணெய் கசியாமல் இருக்க ஷிம் மேல் மெல்லிய சீலன்ட் பூச்சு போதும்.

அடுத்து லீவர் ஷாஃப்ட்டையும் பக்க மூடியையும் மாட்டுங்கள். டிராக் லிங்க் இன்னும் இணைக்கப்படக் கூடாது. வீலை ஒரு கோடி முதல் மறு கோடி வரை சுற்றி எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. அங்கே குறி போடுங்கள். நடுவில் வைத்தபடியே ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். பிறகு வீலைக் கோடியிலிருந்து கோடி வரை மெதுவாகச் சுற்றினால், நடுவைக் கடக்கும்போது மட்டும் லேசான ஒரு இழுவை, வெண்ணெயில் கத்தி போவது போல, தெரிய வேண்டும். ஓரங்களில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை ஸ்க்ரூவால் போக்க நினைக்காதீர்கள். ஓரத்தில் காடி ஆழம், அங்கே வைத்து இறுக்கினால் நடுவில் வரும்போது பூட்டிக்கொள்ளும்.

லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து கொஞ்சம் நகரும். ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, மறுபடி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சரியாக வர நான்கைந்து தடவை ஆகலாம். நடுவில் இழுவை வருவதற்குள் ஓரங்களில் பிடிக்க ஆரம்பித்தால் கேம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், நாகலூர் வாசகருக்குச் சொன்ன அதே விஷயம்தான்.

டிராக் லிங்க்கை மாட்டும்போது முனையில் உள்ள பிளக்கைப் பந்தில் முட்டும்வரை இறுக்கி, அரை முதல் ஒரு சுற்று வரை பின்வாங்கி, ஸ்பிளிட் பின் துளை சேரும் இடத்தில் புதுப் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடக் கூடாது.

பாக்ஸுக்குள் கிரீஸ் அடிக்கலாமா? எண்ணெய் ஊற்றினால் ஒழுகிவிடுகிறது.
— வாசகர், வாழப்பாடி

கெட்டி கிரீஸ் வேண்டாம். வீலைத் திருப்பும்போது பின்கள் கிரீஸை ஒரு தடவை ஒதுக்கித் தள்ளும். அது சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும், திரும்பி வராது. பாக்ஸ் நிறைய கிரீஸ் இருக்கும், காடி மட்டும் காய்ந்து கிடக்கும். கிரீஸ் கன் வைத்து அழுத்தினால் சீலும் பிதுங்கிவிடும்.

கியர் எண்ணெய், 90 அல்லது 140. தேய்ந்த பாக்ஸுக்கு 140 நல்லது. மொத்தமே 200 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். நிரப்பும் துளையின் விளிம்பு வரை போதும். ஒழுகுவதற்குக் காரணம் எண்ணெய் அல்ல. லீவர் ஷாஃப்ட் வெளியே வரும் முனையில் பழைய வண்டிகளில் கார்க் சீல் இருக்கும், காய்ந்தால் சுருங்கும். அதற்குப் பதில் ரப்பர் சீல் போடலாம். ஆனால் புஷ் தேய்ந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது, ஷாஃப்ட் ஆட ஆட சீலின் உதடு விரிந்துவிடும். சீல் ஓடும் இடத்தில் ஷாஃப்ட்டில் துரு இருந்தால் நைசான உப்புத்தாளில் எண்ணெய் விட்டு, நீளவாக்கில் தேய்க்காமல், சுற்றுவாக்கில் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

உடனடியாகச் சீல் மாற்ற முடியாதவர்கள் 00 நம்பர் கிரீஸ் ஊற்றலாம். தேன் பதத்தில் இருக்கும். ஒதுங்கினாலும் மெல்ல வழிந்து திரும்ப வரும்.

ரீபில்ட் செய்த பிறகு வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கிறது. வீலைக் கழற்றி நேராக மாட்டிவிட்டால் சரியாகிவிடுமா?
— வாசகர், அயோத்தியாபட்டணம்

பார்வைக்குச் சரியாகும், உள்ளே தப்பு அப்படியே இருக்கும். சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவில் இல்லை என்பதுதான் கோணலின் பொருள். அப்படியென்றால் நீங்கள் நாள் முழுக்க ஓட்டுவது காடியின் ஆழமான ஓரத்தில். எவ்வளவு நன்றாக அட்ஜஸ்ட் செய்திருந்தாலும் நேர் ஓட்டத்தில் ஆட்டம் தெரியும். ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது, சக்கரத்தின் ஸ்டாப்பர் முட்டுவதற்கு முன் பாக்ஸ் கோடியில் முட்டி, பின்களின் மேல் முழு அடியும் விழும்.

பாக்ஸை எண்ணி நடுவில் நிறுத்துங்கள். முதலில் டிராப் ஆர்ம் பஞ்ச் குறிப்படி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கோளாறு அங்கேயே முடிந்தது. அது சரி என்றால், பாக்ஸை நடுவிலேயே வைத்துக்கொண்டு இரண்டு டை ராடுகளின் நீளத்தையும் மாற்றிச் சக்கரங்களை நேராக்குங்கள். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். இதெல்லாம் முடிந்த பிறகும் வீலின் கம்பிகள் கோணலாக இருந்தால் அப்போது வீலைக் கழற்றி மாட்டலாம்.

எங்களிடம் இருப்பது அம்பாசடர். அதன் ஸ்டீயரிங் பாக்ஸையும் இதே முறையில் பிரிக்கலாமா?
— வாசகர், அம்மாபேட்டை

அம்பாசடரில் பாக்ஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸிலிருந்து வந்த வண்டி அது. 2014ல் உற்பத்தி நின்றவரை ரேக் அண்ட் பினியன்தான், அதாவது பல் வெட்டிய நீளச் சட்டத்தை (ரேக்) ஒரு சின்னப் பல்சக்கரம் (பினியன்) இடம் வலமாக நகர்த்தும் அமைப்பு. முதலில் இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் பெல்லோவைப் பாருங்கள். கிழிந்திருந்தால் உள்ளே மண் போய் ரேக் தேய்ந்திருக்கும். ரேக்கும் நடுவில்தான் அதிகம் தேயும். அதனால் ரேக்கைப் பினியனோடு அழுத்தும் டேம்பரின் ஷிம்மை எடுத்து நடுவில் இறுக்கினால் கோடிகளில் பிடிக்கும். ஜீப்பில் ஸ்க்ரூவுக்குச் சொன்னது இங்கே ஷிம்முக்கு.

ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ரேக் புதிதாக மாற்றியும் ஸ்டீயரிங் கொழகொழவென்று இருக்கிறது.
— வாசகர், அஸ்தம்பட்டி

ரேக்கைச் சேசிஸோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளுக்கு அடியில் உள்ள ரப்பர்களை மாற்றுங்கள். இன்ஜின் எண்ணெய் வழிந்து ஊறினால் அவை ஊதி மெத்தென்று ஆகும். வீலைத் திருப்பும்போது சக்கரத்துக்கு முன் ரேக்கே நகரும். 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டி அது. அந்த ரப்பர்களுக்காக அந்த அருமையை இழக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. எப்போது மலையேற்றலாம்?
— வாசகர், சேலம்

முதல் நாள் வேண்டாம். முதலில் நின்ற இடத்தில், முன் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஒரு கோடி முதல் மறு கோடி வரை இருபது முறை திருப்புங்கள். சக்கரத்தின் ஸ்டாப்பர் இரண்டு பக்கமும் முதலில் முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு காலியான சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது பிடியைத் தளர்த்துங்கள், கையை எடுத்துவிடாதீர்கள். வீல் தானாக நடுவுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் டிராக் லிங்க்கைக் கழற்றி ஸ்க்ரூவை மறுபடி பாருங்கள்.

50 கிலோமீட்டர் ஓடிய பிறகு பாக்ஸின் சேசிஸ் போல்ட்டுகள், டிராப் ஆர்ம் நட், லாக் நட் மூன்றையும் ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். புதுப் பாகங்கள் ஒன்றுக்கொன்று படிந்து உட்காரும்போது ஒரு சின்னத் தளர்வு வரும். சேசிஸில் பெயின்ட் மேல் மாட்டிய போல்ட் நிச்சயம் தளரும். எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள்.

அதன்பிறகு அடிவாரத்திலிருந்து ஏற்றலாம். 20 கொண்டை ஊசிகளில் முதல் நாலைந்திலேயே தெரிந்துவிடும். ஏறும்போது முன் சக்கரத்தின் மேல் சுமை குறைவு, ஸ்டீயரிங் லேசாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இறங்கும்போதுதான் சுமை முன்னால் வரும். முதல் இறக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், பனி இல்லாத நேரத்தில், ஆளும் மூட்டையும் ஏற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.